மரபணு சிகிச்சை என்றதும் வீடே பயந்து போயிருக்கிறது

கேள்வி: என் தம்பிக்கு வயது 32. போன வருடம் கழுத்தில் கட்டி வந்தது. பயாப்ஸி பார்த்ததில் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்றார்கள். ஆர்-சாப் கீமோ ஆறு தடவை போட்டார்கள். பெட் ஸ்கேனில் நோய் சுத்தமாகப் போய்விட்டது என்றார்கள். எட்டே மாதத்தில் வயிற்றுக்குள் நெறிகட்டிகள் மறுபடி வந்துவிட்டன. இப்போது டாக்டர் கார்-டி என்ற மரபணு சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார். எய்ட்ஸ் வைரஸை வைத்துச் செய்வது என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. மரபணுவை மாற்றினால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? வீட்டை விற்றால்தான் பணம் புரட்ட முடியும். சித்தப்பாவோ, வெளியூரில் ஒரு இடத்தில் எதிர்ப்பு சக்தி செல் ஊசி எட்டு லட்சத்துக்குப் போடுகிறார்கள், எல்லாப் புற்றுநோய்க்கும் கேட்கிறது என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
(ஒரு சகோதரி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியின் டாக்டர் சரியான இடத்தில்தான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்-சாப் முடிந்து ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிற இந்த லிம்போமா வேகமானது. முடிவெடுக்க உங்களுக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டிய விஷயங்கள் இதில் உண்டு. ஆனால் இப்போது உங்கள் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருப்பது வேறு விஷயங்களுக்காக.

சீக்கிரம் திரும்பி வந்த லிம்போமாவுக்கு இதுவரை செய்து வந்தது என்னவென்றால், இன்னும் வீரியமான கீமோ கொடுப்போம், அது கேட்டால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்லையே, எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுவோம். இதையும் கார்-டியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது, ஸூமா-7 என்று பெயர். உங்கள் தம்பியைப் போலவே, முதல் கீமோ கேட்காதவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 359 பேர் அதில் சேர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, நோய் தலைதூக்காமலும் வேறு மருந்து தேவைப்படாமலும் இருந்தவர்கள் பழைய முறையில் 16 சதவீதம், கார்-டியில் 41 சதவீதம். நான்கு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் பழைய முறையில் 46 சதவீதம், கார்-டியில் ஏறக்குறைய 55 சதவீதம். டாக்டர் இந்தச் சிகிச்சையின் பேச்சை இப்போதே எடுத்ததற்குக் காரணம் இதுதான். இதே கேள்வியை வேறொரு கார்-டி மருந்தை வைத்துக் கேட்ட பெலிண்டா என்ற ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்-டி மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அம்மாவுக்கு விளக்குவது சுலபம். நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. புற்றுநோய் செல் நம் உடம்பிலிருந்தே கிளம்புவதால், பல நேரம் டி செல் அதைக் கண்டுகொள்வதில்லை. தம்பிக்கு வந்திருப்பது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவில் கிளம்பிய நோய். பி செல்லின் மேற்பரப்பில் சி.டி.19 என்று ஒரு புரதம் இருக்கும். தம்பியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து எடுப்பார்கள். பிளேட்லெட் தானம் எடுக்கிற மாதிரியான மெஷின்தான், சில மணி நேர வேலை. சி.டி.19-ஐத் தேடிப் பிடிக்கும் ஒரு ஏற்பியை உண்டாக்கும் மரபணுவை அந்தச் செல்களுக்குள் நுழைப்பார்கள். அவற்றை ஆய்வுக்கூடத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, உறைய வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூன்று நாள் சிறிய அளவில் கீமோ கொடுத்த பிறகு, ரத்தக்குழாய் வழியாக அவற்றைத் திரும்ப ஏற்றுவார்கள்.

உள்ளே போன செல்கள் எதிரியைக் கண்டதும் பெருகத் தொடங்கும். மற்ற மருந்துகள் ஏற்றிய அன்றிலிருந்து குறைந்துகொண்டே போகும், இது கூடிக்கொண்டே போகும். 2010-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இதைப் பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளில் இரண்டு பேரின் உடம்பில், பத்து வருடம் கழித்தும் அந்தச் செல்கள் உயிரோடு இருந்தன. நோய் திரும்பவில்லை.

இப்போது எய்ட்ஸ் வைரஸ். யாரோ சொன்னது முழுப் பொய் அல்ல, அதனால்தான் பயம் ஒட்டிக்கொள்கிறது. டி செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எச்.ஐ.வி. குடும்பத்திலிருந்து எடுத்துத் திருத்திய லென்டிவைரஸைத்தான் பல கார்-டி மருந்துகளில் பயன்படுத்துகிறார்கள். அந்த வைரஸ் குடும்பத்துக்கு மனித செல்லின் மரபணுத் தொகுதிக்குள் ஒரு துண்டைச் சேர்த்து வைக்கும் திறமை இருக்கிறது. அந்தத் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு, நோய் உண்டாக்கவும் பெருகவும் தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு அது. தம்பியின் உடம்புக்குள் இந்த வைரஸை நேராக ஏற்றுவதும் இல்லை. வெளியே, ஆய்வுக்கூடத்தில், செல்லோடு அதன் வேலை முடிந்துவிடும். பெருகக்கூடிய வைரஸ் எதுவும் மிச்சம் இல்லை என்று சோதித்த பிறகுதான் செல்கள் ஆஸ்பத்திரிக்கு வரும். இதனால் எய்ட்ஸ் வராது, வீட்டில் இருப்பவர்களுக்கும் எதுவும் தொற்றாது. ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சில வகை எச்.ஐ.வி. பரிசோதனைகள் தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். பின்னால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கார்-டி எடுத்திருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லேப் ரிப்போர்ட் குடும்பத்தையே உலுக்கிவிடும்.

பிள்ளையைப் பற்றிய கேள்வி. மாற்றப்படுவது டி செல்லின் மரபணு மட்டும்தான். விந்தணுவை உண்டாக்கும் செல்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிறக்கும் குழந்தைக்கு இந்த மரபணு போகாது. ஆனால் கீமோ விஷயம் அப்படியல்ல. ஆர்-சாப்பிலேயே விந்தணுவைப் பாதிக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு இருந்தது, கார்-டிக்கு முன் கொடுக்கும் மூன்று நாள் மருந்திலும் அது இருக்கிறது. நடுவில் நோயை அடக்கி வைக்க வேறு கீமோ தேவைப்பட்டால் பாதிப்பு இன்னும் கூடும். ஆகவே அடுத்த மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே விந்துப் பரிசோதனை செய்து, உறைய வைத்துப் பாதுகாக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரிரு நாளில் முடிகிற வேலை, செலவும் மற்ற செலவுகளோடு பார்த்தால் ரொம்பக் குறைவு. நம் ஊரில் கூச்சத்தால் இதை யாரும் கேட்பதில்லை, டாக்டர்களும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கல்யாணமான இளைஞர்கள் விஷயத்தில் இப்படி விட்டுப்போவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தயங்காமல் கேளுங்கள்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்?

செல்கள் வேகமாகப் பெருகும்போது உடம்பு முழுக்க ஒரு அழற்சிப் புயல் கிளம்பும். சி.ஆர்.எஸ். என்று வார்டில் சொல்வார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். சிலருக்குக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, ஆக்ஸிஜன் குறைந்து, ஐ.சி.யு. வரை போகும். 2012-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதுதான் நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக கார்-டி பெற்ற முதல் குழந்தை அவள். செல் ஏற்றிய சில நாளில் வென்டிலேட்டருக்குப் போய்விட்டாள். ரத்தத்தில் ஐ.எல்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரிந்தது. அந்தச் சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், ஐ.எல்-6-ஐ அடக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். நோயும் போனது, பத்து வருடம் தாண்டியும் திரும்பவில்லை. இன்று கார்-டி செய்யும் எந்த இடத்திலும் அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் மூளையைத் தொடும் பக்கவிளைவு. குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், சில நேரம் வலிப்பு. நர்ஸ்கள் தினமும் தம்பியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். கையெழுத்து திடீரென்று கோணினால் அதுதான் முதல் எச்சரிக்கை. பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்தால் சரியாகிவிடும். இதனால்தான் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சில வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள், வண்டி ஓட்ட விட மாட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும், அந்த வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்த்துத்தான் பணக் கணக்கு.

என் பார்வையில் நம் ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து கிருமித் தொற்று. சி.டி.19 நல்ல பி செல்களிலும் இருக்கிறது. கார்-டி இரண்டையும் பிரித்துப் பார்க்காது. பி செல் போய்விட்டால் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் குறையும். வெள்ளை அணுக்களும் வாரக்கணக்கில் குறைவாகவே இருக்கலாம். பழைய காசநோய், வெளியே தெரியாமல் இருக்கும் ஹெபடைடிஸ் பி எல்லாம் கிளம்ப வாய்ப்பு உண்டு. இவற்றை முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும். தடுப்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். 'நோய் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை' என்று நிறுத்திவிடக் கூடாது.

மாற்றிய செல்லே புற்றுநோயாகிவிடாதா என்று யாராவது கேட்பார்கள். நடந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லா கார்-டி மருந்துகளிலும் இதற்கான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. அப்போதைய கணக்கில் 27,000 டோஸ்களுக்கு மேல் கொடுத்ததில் 22 பேருக்கு டி செல் புற்றுநோய் வந்திருந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தம்பியின் வயிற்றில் இப்போது இருக்கும் நோயோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியாகாது. வாழ்நாள் முழுக்க வருடாந்தரப் பரிசோதனைக்கு மட்டும் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் இது 2023 அக்டோபரிலிருந்து அனுமதியோடு கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, இம்யூனோஆக்ட் நிறுவனம் தயாரிக்கும் நெக்ஸ்கார்19 முதலில் வந்தது. 2025 ஜனவரியில் பெங்களூரு இம்யூனீல் நிறுவனத்தின் கார்டெமி வந்தது. நெக்ஸ்கார்19-ஐ 64 நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு 2025-இல் லான்செட் ஹெமடாலஜி இதழில் வெளியானது. பலன் கணக்கிட முடிந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. சிகிச்சையின் பாதிப்பால் இரண்டு பேர் இறந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. 73 என்ற எண்ணைக் குணமானவர்கள் என்று படித்துவிடாதீர்கள். முதல் பலன் கிடைத்த சிலருக்கு நோய் பிறகு திரும்பி வரும். ஸூமா-7-இல் பார்த்த மருந்து வேறு, இது வேறு என்பதையும் மனதில் வையுங்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், 32 வயதில், சீக்கிரம் திரும்பிய நோய்க்கு, இதுதான் நல்ல வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பணம். அமெரிக்காவில் இந்த மருந்துகள் வந்தபோது ஒரு டோஸ் 3,73,000 டாலர், 4,75,000 டாலர் என்று விலை வைத்தார்கள். இங்கே 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்ற அளவில் பேசப்படுகிறது. ஐ.சி.யு. தேவைப்பட்டால் அது தனி. வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சில காரியங்கள் செய்யுங்கள். திரும்பி வந்த கட்டியில் புதிதாக பயாப்ஸி எடுத்து, நோய் அதுதானா, சி.டி.19 அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேனை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கக் கூடாது. மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். எடுத்த செல் சரியாக வளராமல் போனாலோ, மருந்து தயாராவதற்குள் தம்பியின் நிலை மோசமானாலோ பணம் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். உடல்நலக் காப்பீடு இருந்தால் 'நவீன சிகிச்சைகள்' என்ற பகுதியையும் அதற்கான உச்சவரம்பையும் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம்தான், அதில் கார்-டிக்கு என்ன கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமர் நிவாரண நிதிக்கு மனு போடலாம். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். எல்லாம் சேர்ந்தும் எட்டாவிட்டால் வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வீரியக் கீமோவும் சொந்த ஸ்டெம் செல் மாற்றும் இன்றும் பலரைக் காப்பாற்றுகிற சிகிச்சைதான், செலவும் இதைவிட மிகக் குறைவு. டி செல்லையும் பி செல்லையும் ஒன்றாகப் பிணைக்கும் புதிய ஊசிகளும் வந்திருக்கின்றன. இவை எதையும் இரண்டாந்தரம் என்று நினைத்துத் தம்பி மனம் உடைய வேண்டாம்.

இனி சித்தப்பா சொல்லும் ஊசி. அவர் அன்பினால்தான் தேடுகிறார், சண்டை போடாதீர்கள். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் கேட்கிற செல் ஊசி என்று எதுவும் உலகத்தில் கிடையாது. கார்-டியே சில ரத்தப் புற்றுநோய்களில்தான் இப்படி வேலை செய்கிறது. நுரையீரல், மார்பகம், வயிறு போன்ற இடத்துக் கட்டிகளில் சி.டி.19 மாதிரி தைரியமாகக் குறிவைக்கக்கூடிய ஒரு அடையாளம் கிடைப்பது கஷ்டம். அதே புரதம் இதயத்திலோ நுரையீரலிலோ கொஞ்சம் இருந்தாலும் உயிருக்கே ஆபத்து. மரபணுவைக் கொண்டு எதிர்ப்பு சக்தியைக் கிளப்பும் வேறு மருந்துகளும் உண்மையிலேயே உண்டு. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பஸ் வைரஸைத் திருத்தித் தோல் புற்றுக் கட்டிக்குள் நேராகப் போடும் டி-வெக் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.சி.ஜி. மருந்து கேட்காத சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, இன்டர்ஃபெரான் மரபணுவை அடினோவைரஸில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைக்குள் செலுத்தும் மருந்து 2022-இல் அனுமதி பெற்றது. ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு, அந்த நோயின் ஒரு கட்டத்துக்கு. லிம்போமாவுக்கு இவை ஆகாது.

அந்த இடத்தில் சித்தப்பா இரண்டு கேள்வி கேட்கட்டும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. எந்த நோய்க்கு இதை அனுமதித்தது? அனுமதி இல்லை, ஆராய்ச்சிதான் என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. எண் என்ன? முறையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. ஆராய்ச்சி என்றும் சொல்லி எட்டு லட்சமும் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். போகிற பணத்தைவிட, அங்கே கழிகிற இரண்டு மாதம் தம்பிக்குத் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது கருத்து கேட்கப் போவது நல்லது. கார்-டி செய்யும் மையத்துக்கே போங்கள். பழைய, புதிய பயாப்ஸியின் பிளாக்குகளும் ஸ்லைடுகளும், பெட் ஸ்கேன் டிஸ்க், ஆர்-சாப் கொடுத்த தேதிகள், இதயத்தின் எக்கோ எல்லாம் கையில் இருக்கட்டும். நடுவில் நோயை அடக்க வேறு கீமோ யாராவது தொடங்கினால், அதில் பெண்டமுஸ்டின் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அது டி செல்களை நீண்ட நாள் நலிவடையச் செய்யும். செல் எடுப்பதற்கு முன் முடிந்தவரை அதைத் தவிர்ப்போம்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார், அவர் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நோயைப் பற்றி அவர்களிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை. செல் எடுக்கச் சம்மதக் கையெழுத்து போடப்போவது தம்பிதான். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு பேரையும் உள்ளே உட்கார வைத்துப் பேசுங்கள்.